மீன்தொட்டிக்கு மணல்: சலித்து, அலசி, சோதித்து விற்போம்



வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து வெளியூர்க் கடைகளுக்கு மீன் போகிறது. மீன் போகும் ஊருக்கெல்லாம் தீவனம், ஏர் பம்ப், செடி, மணல் ஆகியவையும் பின்னாலேயே போக வேண்டும். மீன் தீவனப் பாக்கெட்டைக் கடை வாசலில் தொங்கவிடும் மளிகைக்காரரிடம், "தொட்டியில் போட மணல் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தப் பாடம் அதற்காகத்தான்.

மணல் மலிவான சரக்கு. அதனாலேயே பலர் அதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. கட்டடம் கட்டி மிஞ்சிய மணலை ஒரு சாக்கில் அள்ளி வைத்து, கேட்பவருக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மணல், ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய தொட்டிக்கும் மீனுக்கும் அடியில் போய் உட்காருகிறது. அதில் சிமெண்ட் கலந்திருந்தாலோ, சோப்பு ஒட்டியிருந்தாலோ சில நாட்களில் மீன் செத்து மிதக்கும். வாங்கியவர் மணலைக் குறை சொல்ல மாட்டார், கடையைத்தான் சொல்வார். ஐம்பது ரூபாய்ச் சரக்கில் போன நம்பிக்கை, அவர் மாதந்தோறும் வாங்கும் பல ஆயிரம் ரூபாய் மளிகையையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

ஆகவே மீன்தொட்டி மணல் வியாபாரத்தில் நாம் விற்பது மணலை அல்ல. அதைச் சலித்து, அலசி, சோதித்துக் கொடுக்கும் உழைப்பையும் உறுதியையும்தான். கல் பொறுக்கிய அரிசிக்கும் பொறுக்காத அரிசிக்கும் உள்ள விலை வித்தியாசம் நமக்குத் தெரியாததல்ல. இதுவும் அதே கணக்குத்தான்.

எந்த மணலை வாங்குவது?

நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றது, தண்ணீரில் எதையும் கரைய விடாத மணல். குவார்ட்ஸ் எனப்படும் சிலிக்கா மணல் இந்த வகையைச் சேர்ந்தது. குடிநீர் வடிகட்டிக்கும் நீச்சல் குள வடிகட்டிக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். பருமன் வாரியாகப் பிரித்து மூட்டையில் கிடைப்பதால் நமக்கு வேலை பாதியாகக் குறையும். மூட்டை மீது 16/30 என்பது போல் சல்லடை எண் இருந்தால், ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர் வரையுள்ள மணல் என்று பொருள். தொட்டிக்கு இது மிகப் பொருத்தம்.

ஆற்று மணலும் நல்லதுதான். தண்ணீரில் உருண்டு வந்ததால் அதன் முனைகள் மழுங்கியிருக்கும். ஆனால் ஆற்றில் போய் நாமே அள்ளி வரலாம் என்று நினைக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் சாதாரண மணல் சிறு கனிமமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் ஆற்று மணல் அள்ளும் பணியை 2003இல் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. மணலைக் கொண்டு செல்வதற்கும் இருப்பு வைப்பதற்கும் 2011இல் தனி விதிகள் வந்தன. "ஒரு சாக்குதானே" என்ற சமாதானம் சோதனைச் சாவடியில் எடுபடாது. ரசீது தருகிறவரிடம் வாங்கி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பெரிய அளவில் செய்வதாக இருந்தால் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தவிர்க்க வேண்டிய மணல்களும் உண்டு.

கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும். உப்பை அலசி நீக்கலாம், சிப்பித் துகளை நீக்க முடியாது. மேலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி கடற்கரையில் மணல் அள்ளுவது தடை செய்யப்பட்ட செயல்.

எம் சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து எடுப்பது. தண்ணீரைக் கெடுக்காது என்றாலும் முனைகள் கூர்மையாக இருக்கும், கல் தூசியும் மிகுதி. அடியில் மேயும் மீன்களின் வாய்க்கும் மீசைக்கும் இது ஏற்றதல்ல.

கட்டட மனையில் கிடக்கும் மணலில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கக்கூடும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சாயம் ஏற்றிய வண்ண மணல் வாங்கினால், ஒரு பிடியை வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் பிடித்தால் அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பருமன்: ரவையா, கடுகா?

மணலின் பருமனை நம் கடைச் சரக்கைக் கொண்டே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மைதா போன்ற தூசு கூடாது. அது தண்ணீரைக் கலக்கும். அடியில் இறுகிக் களிமண் போலாகும். வடிகட்டியின் பம்புக்குள் புகுந்து தேய்மானம் உண்டாக்கும். உளுந்து அளவுக் கல்லும் கூடாது. கல்லிடுக்கில் தீவனமும் கழிவும் இறங்கி அழுகும். பெரிய ரவையிலிருந்து கசகசா வரையுள்ள பருமன்தான் சரி. அளவாகச் சொன்னால் அரை மில்லிமீட்டருக்கு மேல், ஒன்றரை மில்லிமீட்டருக்குள்.

இந்தப் பருமனில் கழிவு மேலேயே தங்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். கோரிடோராஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்கள் மணலைக் கிளறி இரை தேடும் இயல்புடையவை. தங்கமீனும் மணலை வாயில் அள்ளித் துப்பும். பட்டாணி அளவுக் கல் போட்ட தொட்டியில் சில சமயம் கல் அதன் வாயில் மாட்டிக்கொள்வதுண்டு. மணலில் அந்தத் தொல்லை இல்லை.

சுண்ணாம்புச் சோதனை

சிப்பி, பவளம், சுண்ணாம்புக்கல் துகள் கலந்த மணல் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும். கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மையும் பி.எச். அளவும் ஏறும். மோலிக்கும், ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். ஆனால் அமேசான் பகுதியின் மென்னீரில் தோன்றிய டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை வாடிப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கடையில் இருக்கும் வினிகர் போதும். இரண்டு தேக்கரண்டி மணலை முதலில் தண்ணீரில் நனைத்து வடித்துவிடுங்கள். காய்ந்த மணலில் நேரடியாக ஊற்றினால் உள்ளே அடைந்திருக்கும் காற்று குமிழாக வெளியேறி நம்மை ஏமாற்றும். நனைத்த மணல் மீது வினிகரை ஊற்றி, கண்ணையும் காதையும் அருகில் வையுங்கள். தொடர்ந்து குமிழ் வந்தாலோ, சோடா பொங்குவது போல் மெல்லிய ஓசை கேட்டாலோ சுண்ணாம்பு இருக்கிறது என்று அறியலாம்.

வினிகர் வீரியம் குறைந்த அமிலம். ஐயம் தீராவிட்டால் ஒரு வாரச் சோதனை செய்யுங்கள். ஒரே தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பிடித்து, ஒன்றில் மட்டும் கால் பங்கு மணல் போட்டு வையுங்கள். ஏழு நாள் கழித்து, மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணல் போட்டதில் பி.எச். அளவோ கடினத்தன்மையோ கூடியிருந்தால் அந்த மணல் பொது விற்பனைக்கு ஆகாது.

காந்தச் சோதனையும் ஒன்று உண்டு. ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் ஓட்டுங்கள். கறுப்புத் துகள்கள் நிறைய ஒட்டினால் அந்த மணலைத் தவிர்ப்பது நல்லது. பவர் ஃபில்டருக்குள் சுழலும் விசிறியிலும் காந்தம் உண்டு. அதில் இந்தத் துகள்கள் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைக் கெடுக்கும்.

சலிப்பதும் அலசுவதும்

முதலில் மணலை நனைத்துக்கொண்டு, கடுகு தங்கும் அளவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். கல், குச்சி, சிப்பி மேலே தங்கிவிடும். கீழே விழுந்ததை மாவுச் சல்லடையில் இட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே அசைத்தால் தூசு இறங்கிப் போகும். மேலே தங்குவதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. இந்தச் சல்லடைகளை மளிகைச் சரக்குக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அடையாளமிட்டுத் தனியே வையுங்கள்.

அலசுவது அரிசி களைவதைப் போலத்தான். வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணல் மட்டும் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கையால் அடிவரை கலக்குங்கள். நான்கைந்து விநாடி பொறுத்தால் மணல் அடியில் இறங்கும், கலங்கல் மேலே நிற்கும். கலங்கலை வடித்துவிட்டு மீண்டும் தண்ணீர் விடுங்கள். வாளி நிறையப் போட்டுக்கொண்டு கலக்கினால் மேல் மணல் மட்டும் சுத்தமாகும், அடி மணல் அப்படியே இருக்கும்.

எத்தனை தடவை அலசுவது என்று கணக்கில்லை. தெளியும் வரை அலச வேண்டும். தெளிந்ததா என்பதை அறிய, ஒரு கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் அலசுங்கள்.

சோப்பு, சலவைத் தூள், பினாயில் எதுவும் மணலில் படக் கூடாது. அவை புழங்கிய வாளியும் உதவாது. மணலுக்கு இடையில் ஒட்டும் சோப்பு எளிதில் போகாது, சிறிதளவே மீனைக் கொல்லப் போதும். அலசிய கலங்கல் நீரை நேரே சாக்கடையில் விடாதீர்கள். ஒரு தொட்டியில் வண்டல் படியவிட்டு மேல் நீரை மட்டும் வெளியேற்றுங்கள். இல்லையேல் சில வாரங்களில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

உலர்த்தும்போது சுத்தமான தார்ப்பாயில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, இரண்டு மணிக்கொரு தடவை கிளறிவிடுங்கள். நாயும் பூனையும் அண்டாத மொட்டை மாடியாக இருக்கட்டும். ஈரத்தோடு கட்டினால் பைக்குள் நாற்றம் பிடிக்கும்.

பணியாளர் நலம்

மேலே "நனைத்துக்கொண்டு" என்று சொன்னதற்குத் தூசு அடங்குவது மட்டும் காரணமல்ல. சிலிக்கா மணலைக் காய்ந்த நிலையில், மூடிய கிடங்கில் சலித்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு எழும்பும். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவருக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். கல் உடைப்போரையும் மணல் அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களையும் வாட்டும் நோய் இது. வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை.

எனவே சலிப்பது எப்போதும் ஈரத்தில், திறந்த வெளியில் நடக்கட்டும். உலர்ந்த மணலைப் பையில் நிரப்பும்போது, தூசைத் தடுக்கும் என்95 வகை முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. தரையைத் துடைப்பத்தால் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்கட்டும். கடைப் பையன் நாள் முழுதும் நமக்காக உழைக்கிறான். அவன் மூச்சை விலையாகக் கொடுத்து வரும் லாபம் நமக்கு வேண்டாம்.

எவ்வளவு மணல் தேவை?

வாடிக்கையாளர் தொட்டியின் அளவைச் சொல்வார், எத்தனை கிலோ என்று நாம் சொல்ல வேண்டும். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அதன்படி ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்கு மூன்றரை கிலோ மணல் பிடிக்கும். இந்த ஒரு வாய்பாட்டை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டி என்றால் பரப்பு இரண்டு சதுர அடி. ஒன்றரை அங்குல உயரம் வேண்டுமானால் 2 × 1.5 × 3.5 = 10.5 கிலோ. மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் இரண்டு அங்குலம் என்றால் 4.5 × 2 × 3.5 = 31.5 கிலோ.

செடி வைக்காத தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் போதும். வேரூன்றும் செடிக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குலம் வேண்டும். அதிகம் விற்கலாம் என்று கூடுதலாகப் பரிந்துரைக்காதீர்கள். ஆழம் கூடினால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு உண்டாகும்.

அடக்க விலைக் கணக்கு

மணலில் நட்டம் வருவது பெரும்பாலும் கழிவைக் கணக்கில் சேர்க்காததால்தான். எடுத்துக்காட்டாக, 50 கிலோ மூட்டை 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 9 ரூபாய் என்று தோன்றும். சலித்து அலசியதில் 5 கிலோ கழிந்தால் மிச்சம் 45 கிலோ. அப்போதே கிலோ 10 ரூபாய் ஆகிவிட்டது. கூலி 150 ரூபாய், ஐந்து கிலோப் பை 9க்கு, பை ஒன்று 6 ரூபாய் வீதம் 54 ரூபாய். மொத்தம் 654 ரூபாய். ஐந்து கிலோப் பை ஒன்றின் அடக்கம் 72 ரூபாய் 67 காசு. கிலோவுக்கு ஏறத்தாழ 14 ரூபாய் 50 காசு. "கிலோ 9க்கு வாங்கி 12க்கு விற்கிறேன், 3 ரூபாய் லாபம்" என்று எண்ணுபவர் உண்மையில் கிலோவுக்கு இரண்டரை ரூபாய் கைநட்டத்தில் விற்கிறார். வண்டிக் கூலி, தண்ணீர், வரி ஆகியவற்றை உங்கள் ஊர் நிலவரப்படி இதன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலமும் சட்டமும்

முன்கூட்டியே நிறுத்துக் கட்டி விற்றால் அது பொட்டலப் பொருள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் அதற்குப் பொருந்தும். பொருளின் பெயர், கட்டியவரின் பெயர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம் ஆண்டு, வரிகள் உட்பட அதிகபட்சச் சில்லறை விலை, புகாருக்குத் தொடர்பு விவரம் ஆகியவை பையின் மேல் இருக்க வேண்டும். கட்டுபவர் பதிவும் செய்துகொள்ள வேண்டும். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

நிகர எடை என்பது உலர்ந்த மணலின் எடையாக இருக்கட்டும். ஈரத்தோடு நிறுத்தால் தண்ணீரையும் மணல் விலைக்கு விற்றதாகும். வீட்டில் காய்ந்தபின் நிறுத்துப் பார்க்கும் வாடிக்கையாளரும் உண்டு.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

பையைக் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள்?" கடைக்காரர்கள் அண்டர் கிராவல் ஃபில்டர் என்று சொல்லும், அடியில் தட்டு வைக்கும் வகை என்றால் மணல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணல் தட்டின் துளை வழியே இறங்கி அடைத்துவிடும். அவருக்குச் சிறு கூழாங்கல்தான் சரி. ஸ்பாஞ்ச் ஃபில்டர், பவர் ஃபில்டர் வைத்தவர்களுக்கு மணல் கொடுக்கலாம். ஒரு பை விற்பனை போனாலும் போகட்டும்; இந்த ஒரு சொல்லுக்காக அவர் மறுபடி வருவார்.

பிறகு இந்தக் குறிப்புகளைச் சீட்டில் அச்சடித்துப் பையோடு கொடுங்கள்:

1. வீட்டில் இன்னொரு தடவை வெறும் தண்ணீரில் அலசவும். பையில் உராய்ந்து கொஞ்சம் தூசு சேர்ந்திருக்கும்.

2. பெரிய கற்களை முதலில் வைத்து, பிறகு மணலை நிரப்பவும். மணல் மீது வைத்த கல், மீன் அடியைத் தோண்டும்போது சாய்ந்து கண்ணாடியை உடைக்கக்கூடும்.

3. மணல் மீது ஒரு தட்டை வைத்து, தண்ணீரை அதன் மேல் மெதுவாக ஊற்றவும். கலங்கல் அடங்கிய பின்பே ஃபில்டரைப் போடவும்.

4. தண்ணீர் தெளிந்தவுடன் மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மணலிலும் ஃபில்டரிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அனுபவமுள்ளவரிடம் கேட்டு, சில மீன்களோடு தொடங்கவும்.

5. சுத்தம் செய்யும்போது உறிஞ்சு குழாயை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடிக்கவும். வாரம் ஒரு முறை மேல் மணலைக் குச்சியால் லேசாகக் கிளறவும்.

6. மணலில் உரச்சத்து இல்லை. வேரால் உணவெடுக்கும் செடிகளுக்குத் தனியே உர வில்லை வைக்கவும்.

இரண்டடித் தொட்டி மணலும் தண்ணீருமாக அறுபது கிலோவுக்குக் குறையாது என்பதையும், உறுதியான மேசை வேண்டும் என்பதையும் வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

நண்பர்களே, இதில் பெரிய முதல் இல்லை. இரண்டு சல்லடை, நான்கு வாளி, ஒரு தார்ப்பாய், ஒரு பாட்டில் வினிகர் போதும். முதலில் ஒரே ஒரு மூட்டை வாங்கி, சோதனைகளை எல்லாம் செய்து, சில பைகள் கட்டி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வாங்கிய தேதி, விற்றவர், சோதனை முடிவு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். "இந்த மணல் எங்கிருந்து வந்தது?" என்று எவர் கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.